அவசரம் இல்லை தம்பி

என் அப்பாவுக்கு, நைனா என்றுதான் கூப்பிடுவோம், பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. வேலூர்ப் பக்கத்திலிருந்து நாங்கள் ஆந்திராவில் வடமாலபேட்டைக்கு வந்த புதிது. தினமும் திருப்பதிக்குப் போய் பிசியோதெரபி செய்ய வேண்டும், நடுவில் விட்டால் விரல்கள் மடங்கி இறுகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அவரால் பஸ் படி ஏற முடியாது. ஆட்டோவில் தனியாக அனுப்பினால் பிடித்து இறக்க ஆளில்லை. அதுவரை நானே கூட்டிப்போனதில் ஸ்ரீசிட்டி கம்பெனியில் எனக்கிருந்த லீவு எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் டைல்ஸ் கடை மாடியில் சீஷத்துவ வகுப்பு நடக்கும், இயேசுவின் சீடராக வாழப் பழகுவதற்கு. நடத்துகிறவர் சித்தூர்க்காரர், தெலுங்கு பேசுகிறவர். திருப்பதியில் வேலை; எங்கள் வீட்டு வழியாகத்தான் தினமும் காரில் போவார். அன்றைக்கு அவர், வசனம் கேட்டது போதும், இனி செய்து காட்ட வேண்டும் என்றார். ஆளுக்கொருவர் இன்னொருவருடைய பாரத்தை அந்த வாரம் சுமக்க வேண்டுமாம். எங்கள் நைனாவைத் தானே காரில் கூட்டிப்போவதாக எல்லார் முன்னாலும் அறிவித்தார். பலமாகக் கைதட்டினார்கள். எனக்கு அவ்வளவு நிம்மதி.

மறுநாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது நைனா கேட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கையாலேயே பட்டன் போட்டிருக்கிறார், துளை மாறிப்போயிருந்தது. காலையில் வகுப்புக்காரர் போன் செய்து அவசரமா அங்கிள் என்று கேட்டாராம்; நைனா, அவசரம் இல்லை தம்பி என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பி உட்கார்ந்தாராம். கார் மட்டும் வரவில்லை. நான் போன் செய்கிறேன் என்றேன்.

"வாணாம். வேலயா இருப்பாரு. தொல்ல பண்ணாத," என்றார்.

அந்த வாரம் முழுக்க இதே கதை. தினமும் கார் எங்கள் கேட்டைத் தாண்டிப் போயிருக்கிறது. நைனா இடது கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். அவர் ஹாரன் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் சாட்சி சொல்லும் நேரம். அவர்தான் முதலில் எழுந்தார். பாரம் சுமக்கத் தான் தயாராக இருந்ததாகவும், அந்தக் குடும்பம் வேண்டாம் என்றுவிட்டதாகவும் சொன்னார். "அவசரம் லேதன்னாரு அங்கிள்," என்று பெருமூச்சு விட்டார். சிலருக்குப் பெருமை விடாது, ஜெபிப்போம் என்று கண்ணை மூடினார். எல்லாரும் தலை குனிந்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. அவசரம் லேது என்றால் தேவையில்லை. நைனாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். மெதுவாக வாருங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார். ஜெபத்தின் நடுவிலேயே எழுந்து தெலுங்கில் இதைச் சொன்னேன். பிறகு ஆத்திரத்தில் தமிழ்தான் வந்தது.

"ஒரு வாரமா சட்டைய மாட்டிக்கினு கேட்டாண்ட உக்காந்துக்கினு இருந்தாரு. நீங்க பாத்துக்கினேதான போனீங்க?"

அவர் சிரித்துவிட்டார். பாஷை செய்த கோளாறு என்றார். ஹாலே சிரித்தது, யாரோ அல்லேலூயா என்றார்கள். பைபிளில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிப்போன அந்நியனைப் பற்றி மூன்று வாரம் எங்களுக்குப் பாடம் நடத்தியவர் இவர். அந்த அந்நியன் குனிந்து, உமக்குத் தேவையா என்று விசாரித்துக்கொண்டா இருந்தான்?

மறுநாள் கார் வந்தது. முன்பு பாதி விரிந்த விரல்கள் இப்போது அசையவே இல்லை. தெரபிஸ்ட் பெண் ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பிரிக்க நைனா உதட்டைக் கடித்துக்கொண்டார். எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவள் சொன்னாள். அந்தக் கையைப் பிடித்தபடி வகுப்புக்காரர் எடுத்துக்கொண்ட போட்டோ மத்தியானமே சபை வாட்ஸ்அப்பில் வந்தது. நான் பார்த்துவிட்டு மூடிவைத்தேன். இன்றுவரை அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை, ஜெபத்தில்கூட.

அன்றிலிருந்து தினமும் காலையில் போன் வரும். "ஈ ரோஜு அவசரமா, அங்கிள்?" என்று, இன்றைக்குத் தேவையா என்பதை வேடிக்கையாகக் கேட்பார். தேவை இருக்கிறது என்பதைத் தெலுங்கில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று நைனா என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். வாழ்நாளில் யாரிடமும் வாய்விட்டு எதையும் கேட்காத மனிதர். கோணிய வாயால் சொல்லிச் சொல்லிப் பழகினார். இப்போது மணி அடித்ததும் இடது கையால் போனை எடுத்து, கேள்வி வரும் முன்பே சொல்லிவிடுகிறார்.

"அவசரம் உந்தி தம்பி. அவசரம் உந்தி."