இன்னும் பெல்ட் மாத்தலையா

சிரிக்கணும்னா சிரிச்சுக்கோங்க. பேய், ஆவின்னு யாராவது ஆரம்பிச்சாலே எழுந்து போயிடற ஆளு நான். எனக்குக் கோவம் வரும், பயம் வராது. இப்ப இதைச் சொல்றப்பவும் கோவம்தான் வருது.

நாவலூர்ல எங்க பிளாக்ல ஒரு எமர்ஜென்சி நாற்காலி இருக்கு, லிஃப்ட் நின்னா முடியாதவங்களைப் படி வழியா எறக்க. அதோட முதுகுல ரெண்டு ரப்பர் பெல்ட், அதுங்கதான் படி விளிம்பைக் கவ்விக்கிட்டு மெதுவா எறங்க விடும். தூசி தொடைக்கணும், வெடிப்பு பாக்கணும், தேஞ்சா மாத்தணும், அவ்ளோதான் வேலை. எங்க அசோசியேஷன் செகரட்டரி அதைக்கூடப் பண்ணல. எங்க மாடியில இருந்த கண்ணாடி போட்ட ஸ்டெல்லா மிஸ்ஸுக்கு மூச்சுத் திணறினப்ப அதுலதான் எறக்கினோம், பாதியில பெல்ட் கழண்டுடுச்சு. பெட்ஷீட்ல தூக்கிட்டு ஓடினோம், படியிலயே போயிட்டாங்க. மீட்டிங்ல நான் கத்தின கத்துக்கு, "அடுத்த மாசம் பாத்துக்கலாம் மேடம்"னாரு. அதே வெடிச்ச பெல்ட்டைத் திரும்ப மாட்டி உறை போட்டு மூடிட்டாங்க, நம்புவீங்களா?

அதுக்கப்புறம்தான் எங்கப்பா சிங்கப்பெருமாள் கோவில்லேருந்து எங்களோட இருக்க வந்தாரு. இருதய நோயாளி, அவர்கிட்ட போய் இந்தக் கதையெல்லாம் சொல்வேனா? சொல்லல.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டாரு. லிஃப்ட் வேலை செய்யல. செக்யூரிட்டி ஏகாம்பரம் அண்ணா ஓடி வந்து, "ஆம்புலன்ஸ் டிராஃபிக்ல மாட்டிகினு கீதும்மா, அது வர்றதுக்குள்ள கீழ எறக்கிடலாம்"னாரு. நாற்காலியை எடுத்தா இடது பெல்ட் நூல் நூலா பிரிஞ்சு தொங்குது. செகரட்டரியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே அப்பாவை உக்கார வெச்சுக் கட்டினேன். மேல கைப்பிடியை நாங்க ரெண்டு பேரும் பிடிச்சோம், கால்பக்கம் பிடிக்க ஆளே இல்ல.

மொதப் படியிலயே சறுக்கும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன், சறுக்கல. வெயிட்டே தெரியாம, அலுங்காம எறங்குது. அண்ணா மொகம் வெளுத்துப் போச்சு.

"இன்னாம்மா இது, கீழேந்து யாரோ தாங்குற மாதிரி கீது?"

"பேசாம பிடிங்கண்ணா!"ன்னு அவர் மேலயும் எரிஞ்சு விழுந்தேன்.

கீழ வந்து பாத்தா இடது பெல்ட்டே இல்ல. அப்புறம் போய்ப் பாத்தா, எங்க மாடி மொதப் படியிலயே அறுந்து விழுந்து கெடந்துச்சு.

அப்பா பொழைச்சுக்கிட்டாரு. கண்ணு முழிச்சதும் கேக்குறாரு, "கால்பக்கம் பிடிச்சுட்டு வந்தாங்களே கண்ணாடி போட்ட அம்மா, அவங்களுக்கு தேங்க்ஸ் சொன்னியாம்மா? வழி பூரா ஒரே திட்டு. இன்னும் பெல்ட் மாத்தலையா, இன்னும் மாத்தலையான்னு. பாவம், அவங்களுக்கே மூச்சு வாங்குது."

ஆஸ்பத்திரியிலேருந்து நேரா செகரட்டரி வீட்டுக்குப் போய்க் கதவை ஒடைக்கிற மாதிரி தட்டினேன். அந்த வாரமே புது பெல்ட் வந்துச்சு. நாற்காலியை ரூம்ல பூட்டி, சாவியை நானே வாங்கி வெச்சுக்கிட்டேன். அன்னிலேருந்து யாரையும் அதுல எறக்கல, சத்தியமா.

போன வாரம் பல்லாவரத்துலேருந்து சர்வீஸ்காரர் வந்தாரு. பெல்ட்டைத் தடவிப் பாத்துட்டு நிமிர்ந்தாரு.

"என்ன மேடம், இப்படித் தேஞ்சிருக்கு? தினமும் யாரை எறக்குறீங்க?"

செகரட்டரி என்னைப் பாக்குறாரு. மாத்துங்கன்னு மட்டும் சொன்னேன்.