அம்மாவின் கேசட்

பர்மாவில் மூடிக்கிடந்த பல்கலைக்கழகம் திரும்பத் திறந்த பிறகு, எங்கள் துறையில் டேப்ரெக்கார்டரைக் கட்டிக்கொண்டு அழுதவன் நான்தான். அப்போதுதான் வந்து சேர்ந்தாள் அந்தச் சயாமா. சயாமா என்றால் டீச்சர். மாவ்பி ஊர்ப் பக்கத்துக் கரேன் இனத்துப் பெண். சொந்த ஊரின் சாவுப் பாட்டுகளைப் பற்றித்தான் அவளுடைய ஆராய்ச்சி. சாவு விழாத வீட்டில் அந்தப் பாட்டுகளைப் பாடவே மாட்டார்கள். இவளுக்காகப் பாடினார்கள், நான் பதிவு செய்தேன். முழுப் பாட்டும் தெரிந்தவர் அவளுடைய அம்மா ஒருவர்தான். அவருடைய கேசட் இல்லாவிட்டால் பட்டம் இல்லை.

எழுத உட்கார வேண்டிய நேரத்தில் இவள் புதுசாக ஒரு கூத்தை ஆரம்பித்தாள். கேசட்டுகளை எல்லாம் ஊருக்கே திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம். துறைத் தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் எரிச்சல். எல்லாரும் சரி என்று சொல்லித்தானே பாடினார்கள், இன்னும் என்ன வேண்டும் உனக்கு என்று கேட்டேன். அந்தச் சரியைத்தான் நம்ப முடியவில்லை என்றாள்.

அது எனக்குத் தெரியாததா? இங்கே அதை அனாடே என்போம். எதிரில் இருக்கிறவர் மனசு சுணங்குமே என்று, வேண்டாம் என்ற சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். பர்மாவில் பிறந்த தமிழனுக்கும் அந்த வியாதி உண்டு. அதற்காகப் படித்த படிப்பையா பணயம் வைப்பார்கள்?

ஊருக்குப் போனோம். அவள் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து, அவரவர் பேர் எழுதிய கேசட்டுகளைப் பரப்பினாள். பிடிக்காதவர்கள் தங்களுடையதை எடுத்துக்கொள்ளலாம், யாரும் பார்க்க மாட்டோம், ஏன் என்றும் கேட்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு, என்னை வயல் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். வெயில் மண்டையைப் பிளந்தது. மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

திரும்பி வந்தால், வைத்தது வைத்தபடி இருந்தது. ஒன்றுதான் இல்லை. அவளுடைய அம்மாவின் கேசட். அந்த அம்மா அடுப்படியிலிருந்து சிரித்த முகமாக வந்து, வழியில் சாப்பிடச் சோறு கட்டிக் கொடுத்தார். இவளும் சிரித்தபடியே வாங்கிக்கொண்டாள். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

பஸ்ஸில் மெல்லச் சொன்னேன். எதைப் பதிந்தாலும் துறையில் ஒரு காப்பி எடுத்து வைப்பது என் வழக்கம், கவலைப்படாதே, அதை வைத்து எழுது என்றேன். அவள் மடியிலிருந்த சோற்றுப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழிச்சிடுங்கண்ணே" என்றாள்.

"அப்போ உன் பட்டம்?"

"முதல்ல அம்மாகிட்டத்தான் கேட்டேன். உடனே சரின்னு சொன்னாங்க. பெத்த பொண்ணுகிட்டயுமாண்ணே அனாடே?"

மறுநாள் காலை துறையிலிருந்த அந்தக் காப்பியை அழித்தேன். துறைத் தலைவர் என்னைக் கிழிகிழி என்று கிழித்தார். இவள் அந்த ஆராய்ச்சியையே விட்டுவிட்டாள். நான் செய்தது சரியா தப்பா, சத்தியமாக இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அழித்த அன்று சாயங்காலம் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையிலிருந்த என் வீட்டுக்கு வந்ததும், ஞாயிற்றுக்கிழமை லத்தா பேட்டையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகலாமா என்று என் அம்மாவிடம் கேட்டேன்.

"போகலாம்ப்பா" என்றாள் உடனே.

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.