எழுதுகிறவர் நிமிரக் கூடாது

டைப்பு அம்மா முப்பத்தொரு வருஷம் கோர்ட்டில் சாட்சிகள் சொன்னதைத் தட்டச்சு செய்தவள். கொலைக் கேஸ், சொத்துத் தகராறு, விவாகரத்து எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் காகிதத்துக்குப் போயின. ஒரு சாட்சியின் முகத்தையும் அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை. பார்த்தால் கை நிற்கும். கை நின்றால் நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். "அந்தாளு பொய் சொல்றான்னு தெரிஞ்சா என்னம்மா பண்ணுவீங்க?" என்று ஒரு சின்ன வக்கீல் கேட்டதற்கு, "பொய்யையும் பிழையில்லாம அடிச்சுக் குடுப்பேன்" என்றாள். கோர்ட்டே சிரித்தது. அந்தப் பதிலைப் பல வருஷம் அவளே நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவள் வீட்டுக்காரர் நில அளவைத் துறையில் சர்வேயர். அலுவலகத்தில் பட்டப்பெயர் கழுகு. மைல் தூரத்தில் நட்ட கொம்பு ஒரு விரல்கடை சாய்ந்திருந்தாலும் கருவியில் கண் வைத்ததுமே சொல்லிவிடுவார். ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எதிர்வீட்டு மொட்டைமாடியில் யார் என்ன காயப்போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஊருக்கு வெளியே இருக்கும் பறவைகள் சரணாலயத்தில் குளிர்காலக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்கள் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. மனுஷருக்கு மறுபடி உயிர் வந்த மாதிரி இருந்தது.

கணக்கெடுப்பில் ஒரு விதி உண்டு. இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும். ஒருவர் தொலைநோக்கியில் பார்த்து எண்ணிச் சொல்வார், மற்றவர் எழுதுவார். எண்ணுகிறவர் காகிதத்தைப் பார்க்கக் கூடாது, எழுதுகிறவர் நிமிர்ந்து பறவையைப் பார்க்கக் கூடாது. இரண்டு பேரும் பார்த்தால் 'அது கிளுவை', 'இல்லை ஊசிவால் வாத்து' என்று சண்டை வரும், அதற்குள் பறவை பறந்துவிடும். அதற்காக யாரோ எந்தக் காலத்திலோ போட்ட விதி. மற்ற ஜோடிகள் அதை மதித்ததே இல்லை. டைப்பு அம்மாவோ அதற்கென்றே பிறந்தவள்.

அவர்களுக்குக் கிடைத்தது மூன்றாம் பகுதி, ஏரியின் ஆழமான நடுப்பாகம். பழைய பம்ப் ரூமின் மாடியில் இருக்கும் கையகல ஜன்னல் வழியாகத்தான் அது தெரியும். ஜன்னலை அவருடைய தொலைநோக்கி அடைத்துக்கொள்ளும். அவள் கீழே ஒரு சாக்கை விரித்து, சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு உட்காருவாள். வலது கைக்கு மட்டும் கையுறை கிடையாது. ஆரம்பத்தில் ஒருதரம் எட்டிப் பார்த்தாள். அத்தனை தூரத்தில் வெறுங்கண்ணுக்கு அது தண்ணீரில் கடுகு சிந்தின மாதிரிதான் இருந்தது. அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அந்தப் பகுதியில்தான் சரணாலயத்தின் உயிர் இருந்தது. மற்ற நாலு பகுதியையும் கூட்டினாலும் ஆயிரம் தேறாது. கணக்குத் தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: மொத்த எண்ணிக்கை இரண்டு குளிர்காலம் தொடர்ந்து ஐயாயிரத்துக்குக் கீழே போனால், அணையின் மதகைத் திறந்து ஏரிக்குத் தண்ணீர் விட வேண்டும். போகாதவரை அந்தத் தண்ணீர் தொழிற்சாலைகளுக்கு. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடத் தொடர்ந்து இரண்டு வருஷம் கீழே போனதில்லை. "நம்ம பகுதிதான் தாங்கிப் பிடிக்குது, டைப்பு" என்று அவர் மார்தட்டிக்கொள்வார்.

பதினெட்டு குளிர்காலம் இப்படிப் போயிற்று.

இந்த வருஷம், குளிர் தொடங்குவதற்கு முன்னால், வெளியூரில் இருக்கும் மகள் போனில் நச்சரித்ததால் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். சும்மா கண்ணாடி மாற்றத்தான். டாக்டர் ரொம்ப நேரம் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"விழித்திரையில நடுப்பகுதி தேஞ்சு போச்சும்மா. ஓரப் பார்வை இருக்கு, அதனால நடக்கறார், தடுக்கி விழல. ஆனா நேரா எதைப் பாத்தாலும் அந்த இடத்துல ஒரு கரும்புள்ளிதான் தெரியும். இது இன்னிக்கு நேத்து வந்ததில்ல, ஏழெட்டு வருஷம் இருக்கும். பேப்பர் படிக்கறாரா?"

"நான்தான் படிச்சுக் காட்டுவேன். என் குரல்ல கேட்டாத்தான் செய்தி மாதிரி இருக்காம் அவருக்கு."

சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வயசுக்கு மேல் இந்த மனுஷருக்கு நம் மேல் இவ்வளவு ஆசையா என்று உள்ளூரக் குளிர்ந்துபோய் எட்டு வருஷமாக அவள் பேப்பர் படித்திருக்கிறாள். பஸ் படிக்கட்டில் ஏறும்போது அடுத்த கேள்வி வந்தது. பேப்பர் தெரியாத கண்ணுக்கு ஒரு மைலுக்கு அப்பால் இருக்கும் வாத்து எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து கணக்குத் தாள்களின் நகல்களை எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பினாள். முதல் பத்து வருஷத்துக் கணக்கு தறிகெட்டு ஓடியது. ஊசிவால் வாத்து ஒரு வருஷம் ஆயிரத்து நூறு, அடுத்த வருஷம் நாலாயிரம், அதற்கடுத்து மூவாயிரத்துச் சொச்சம். கடைசி எட்டு வருஷம் மட்டும் இரண்டாயிரத்து முந்நூறு, இரண்டாயிரத்து நானூறு, மறுபடி முந்நூறு என்று தொட்டில் போல அசைந்துகொண்டிருந்தது. கோர்ட்டில் உட்கார்ந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கண்ணால் பார்த்தவன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்வான். பார்க்காதவன் சொல்வது அச்சுப் பிசகாமல் இருக்கும். ஒவ்வொரு தாளிலும் 'எழுதியவர்' என்ற இடத்தில் அவள் கையெழுத்து, பிழையில்லாமல்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேள்வி கேட்பது வக்கீல் வேலை, அவள் வேலை இல்லை என்று முப்பத்தொரு வருஷம் பழகிய புத்தி. அதோடு ஒரு நப்பாசையும் இருந்தது. அவர் பார்க்காவிட்டால் என்ன? பறவை அங்கே இருக்கலாம் அல்லவா? அவர் சொன்ன கணக்கு குத்துமதிப்பாகவாவது சரியாக இருக்கலாம் அல்லவா? அந்த நப்பாசையை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினாள்.

கணக்கெடுப்பு அன்று அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் போனாள். "நான் சொல்றேன், நீ எழுது. எப்பவும் போல" என்று வாசல் வரை வந்தார். "காத்துல நிக்காதீங்க, உள்ள போங்க" என்று கதவைச் சாத்தினாள். எழுதுவதற்கு ஆள் இல்லாததால் புதிதாக வந்த ரேஞ்சர், சின்ன வயசுப் பெண், தானே அட்டையை எடுத்துக்கொண்டு பம்ப் ரூம் மாடிக்கு வந்தாள்.

பனி விலகும்வரை இருவரும் ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் குடித்தார்கள். எண்ணும் முறை டைப்பு அம்மாவுக்குக் கேட்டுக் கேட்டே மனப்பாடம். பத்துப் பறவையை எண்ணு, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனசில் ஒரு கட்டம் போடு, அந்தக் கட்டத்தைக் கூட்டத்தின் மேல் வைத்து வைத்து நகர்த்து. வெளிச்சம் வந்ததும் கண்ணைத் தொலைநோக்கியில் வைத்தாள். கட்டம் போட எதுவும் இல்லை. நாணல். எங்கே பார்த்தாலும் நாணல். ஆழமான நடுப்பாகம் என்று பதினெட்டு வருஷமாக அவள் தாளின் தலைப்பில் எழுதிய இடத்தில், வெடித்த சேறும் நடுவே ஒரு வீட்டுக் கூடம் அளவுக்குக் குட்டையும்தான் இருந்தது. குட்டையில் நாமக்கோழிகளும் சில கிளுவைகளும் நின்றன. ஊசிவால் வாத்து ஒன்றுகூட இல்லை. மூன்று தடவை எண்ணினாள், மூன்று தடவையும் ஒரே எண் வந்தது.

"அறுபத்திமூணு."

"அறுபத்திமூணு நூறாம்மா?" ரேஞ்சர் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"இல்லம்மா. அறுபத்திமூணு."

அந்தப் பெண் விதியாவது ஒன்றாவது என்று எழுந்து வந்து தொலைநோக்கியில் பார்த்தாள். பிறகு சாக்கின் மேல் உட்கார்ந்து, இது செல்லாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆறாயிரத்திலிருந்து ஒரே வருஷத்தில் அறுபத்திமூன்று என்றால் மேலிடத்தில் ஏற்க மாட்டார்கள். புது ஆள் தவறாக எண்ணிவிட்டதாக எடுத்துக்கொண்டு கடைசி ஐந்து வருஷச் சராசரியைப் போட்டுவிடுவார்கள். அதுதான் நடைமுறை.

"அப்ப இந்த வருஷமும் ஆறாயிரமா?"

"ஆமாம்மா. பழைய கணக்கே தப்புன்னு எண்ணினவர் எழுதிக் கையெழுத்துப் போட்டா மட்டும்தான் அதெல்லாம் ரத்தாகும். அப்ப இதை முதல் வருஷமா எடுத்துக்குவாங்க. அடுத்த குளிருக்கும் குறைவா இருந்தா மதகைத் திறப்பாங்க." நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். "முன்னாடியே சரியான கணக்கு வந்திருந்தா எப்பவோ தண்ணி விட்டிருப்பாங்க. இப்ப நாணல் மூடிடுச்சு. அடுத்த வருஷம் இந்த அறுபத்திமூணாவது வருமான்னு தெரியல. உங்ககிட்ட மறைக்க விரும்பல."

கரை வழியாகத் திரும்பி நடக்கும்போது டைப்பு அம்மாவுக்குச் சபிக்கக்கூட ஆள் கிடைக்கவில்லை. யாரோ எதிரி கெடுத்திருந்தால் வாயாரச் சபித்திருக்கலாம். இங்கே கெடுத்தது அவள் வீட்டுக்காரரின் வாய், அவளுடைய கை. தொழிற்சாலைக்காரன்கூடத் திருடவில்லை. 'பறவை நிறைய இருக்கிறது, தண்ணீர் வேண்டாம்' என்று இவர்கள் இரண்டு பேரும் வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், அவன் எடுத்துக்கொண்டான். எட்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை கழுத்தைத் தூக்கி அந்தத் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருந்தால் போதும்.

அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "டைப்பு, பாத்ரூம் குழாய் சொட்டுது பாரு. காலைல சரியா மூடாமப் போயிட்ட."

அவள் குழாய்ப் பக்கம் போகவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரே மேசையில் உட்கார்ந்தாள். "கேள்வி கேக்கறேன். பதில் சொல்லுங்க. எழுதிக்கப் போறேன்."

"என்ன, கோர்ட்டா?"

"ஆமா. எந்த வருஷத்துலேர்ந்து உங்களுக்குத் தெரியல?"

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. டாக்டர் அறையிலிருந்து வந்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலத் தோளைத் தளர்த்தினார். "உனக்கு ஆபரேஷன் ஆச்சே, அதுக்கு அடுத்த குளிர்லேர்ந்து. எட்டு வருஷமாச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா தொலைநோக்கிய வாங்கி வெச்சுக்குவாங்க. கழுகுன்னு பேர் வாங்கினவன் எந்த மூஞ்சியோட குடுக்கறது? அதுவுமில்லாம, வருஷத்துல அந்த ஒருநாள்தான் நான் சொல்றத நீ மறுபேச்சில்லாம கேட்டே."

அவள் அதை எழுதினாள். எழுத்து நேராகத்தான் விழுந்தது. "இல்லாத பறவைய எப்படி எண்ணிச் சொன்னீங்க?"

"இல்லாததா? என்ன பேசற நீ? இருந்துச்சே!" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "கண்ணுக்குத் தெரியலன்னா? விடியும்போது மொத்தமா எழும்புமே, அந்த இறக்கைச் சத்தம் கேக்கும். சத்தத்த வெச்சு, பழைய கணக்க ஞாபகத்துல வெச்சு சொல்லுவேன். நூறு எரநூறு முன்னே பின்னே இருக்கும். சுத்தப் பொய்யின்னு எழுதிடாத."

"கடைசி வரைக்கும் கேட்டுச்சா?"

அவர் முழங்காலைத் தேய்த்தார். "இல்ல. நாலு வருஷமா குறைஞ்சுகிட்டே வந்துச்சு. போன வருஷம் சுத்தமா கேக்கல. கண்ணு போனது பத்தாதுன்னு காதும் போகுதுன்னு நினைச்சேன். அதையும் உன்கிட்ட மறைச்சேன். போதுமா?"

பேனா நின்றது. டைப்பு அம்மா நிமிர்ந்து சாட்சியின் முகத்தைப் பார்த்தாள். போன வருஷம் அந்த மாடியில் தன் பேனா கீறுகிற சத்தம்கூடத் தனக்குக் கேட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவளுக்குக் காது நன்றாகத்தான் இருந்தது. என்ன இவ்வளவு அமைதி என்று நினைத்தாள், நன்றாயிருக்கிறது என்றும் நினைத்தாள், அடுத்த வரியை எழுதப் போய்விட்டாள்.

"இன்னிக்கு எவ்வளவு வந்துச்சு?" என்றார் அவர்.

"அறுபத்திமூணு. அவ்வளவுதான் இருக்குங்க. தண்ணி இல்ல, எல்லாம் நாணல். சத்தம் போட அங்க எதுவும் இல்ல."

பாத்ரூம் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் அவர் தலை லேசாக அந்தப் பக்கம் திரும்பியது.

"அப்ப என் காது நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். அந்தக் கேள்வியையும் அந்தப் பதிலையும் வரிசையாக எழுதினாள். பிறகு கோர்ட் வழக்கப்படி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் விரலைப் பிடித்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வைத்தாள்.