தோள் கமெராவும் உள்ளங்கைக் கமெராவும்

எங்கள் குடும்பக் கல்யாணங்களுக்கு நான்தான் வீடியோக்காரன். சம்பளம் இல்லை, சாப்பாடு உண்டு. என் பழைய கமெராவைத் தோளில் வைத்துக்கொண்டு உட்துறைமுக வீதியில் நடந்தால் அங்கே திரியும் மான்கூட ஒதுங்கி வழிவிடும். ஆனால் அதற்கான கசெட் திருகோணமலைக் கடைகளில் வராமல் போய்விட்டது. இருந்ததையே அழித்து அழித்து எடுத்ததில், ஒருத்தி பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு நடுவில் இன்னொருவர் புதுவீட்டில் பால் காய்ச்சும் குடிபூரல் வந்துபோகும்.

அக்கா தன் மகளின் கல்யாணத்துக்கு முன்பே எச்சரித்துவிட்டார். "என்ர மூத்தவனுக்குக் கனடாவில லீவு கிடைக்கேல்ல. தங்கச்சிக்குத் தாலி கட்டுறதை அவன் பாக்கவேணும். உன்ர கோடு கோடா ஓடுற படம் வேண்டாம், தம்பி."

டிஜிட்டல் கமெரா ஒன்றை இரவல் வாங்கி, முதலில் நிலாவெளியில் ஒரு சொந்தக்காரரின் கல்யாணத்தில் சோதித்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் வீடியோ லைட் எரிந்த பிறகுதான் ஐயர் தாலியை மாப்பிள்ளையிடம் கொடுப்பார். சாத்திரத்தில் இல்லை, ஆனாலும் அதுதான் முறை. அன்று அவர் தாலியும் கையுமாகக் கூட்டத்துக்குள் தேடினார்.

"வீடியோக்காரர் எங்க?"

"இஞ்ச நிக்கிறன், ஐயா."

"நீர் நிக்கிறது தெரியுது. கமெரா எங்க?"

உள்ளங்கைக்குள் அடங்கிய கமெராவை முகத்தருகே உயர்த்திக் காட்டினேன்.

"சவரத்தைப் பிறகு செய்யலாம், தம்பி. சுபநேரம் போகுது!"

சபை சிரித்தது. எனக்கு ஒருவரும் வழிவிடவில்லை. தாலி கட்டியதைக் கெட்டிமேளச் சத்தத்தில்தான் அறிந்தேன். படத்தில் விழுந்தது யாரோ ஒரு பெரியப்பாவின் வழுக்கை. மிகத் தெளிவாக விழுந்திருந்தது.

"பழசே போதும்" என்று வீட்டில் வந்து முறுகினேன்.

"உங்களுக்குப் படம் புதுசில வேணும், மரியாதை பழசில வேணும்" என்றாள் மனைவி. "ரெண்டையும் கொண்டு போங்கோவன்."

அவள் சொன்னது பகிடிக்கு. என் நல்ல யோசனைகள் எல்லாமே மற்றவர்கள் பகிடிக்குச் சொன்னவைதான். புதியதை வாங்கி, பழையதன் முதுகில் வைத்து இறுக்கிக் கட்டினேன்.

அக்கா மகளின் கல்யாணத்தில் லைட்டைப் போட்டேன். கூட்டம் விலகியது, மாமிமார் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்கள், ஐயர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தோளில் இருந்த பெரிய கமெராவுக்குள் கசெட்டே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு கனடாவிலிருந்து மருமகன், அக்காவின் மூத்தவன், அழைத்தான். "மாமா, தாலி கட்டுறது வடிவா விழுந்திருக்கு. திருப்பித் திருப்பிப் பாத்தனான், அழுகையே வந்திட்டுது." கொஞ்சம் யோசித்தான். "ஆனா ஏன் எல்லாரும் கீழ பாத்துக்கொண்டு நிக்கினம்?"

எல்லோரும் பார்த்தது கீழே இருந்த பழையதைத்தான்.

"கல்யாண வீடெல்லோ, மருமகன்" என்றேன். "எங்கட சனத்துக்குச் சரியான வெக்கம்."