முழுப்பேர் போட்ட துரை

போன வாரம் பதுளைக் கடைத்தெருவில் மழைக்கு ஒதுங்கினேன், இடுப்பில் சின்னவனோடு. பக்கத்தில் நின்ற பெண்ணின் தலையில் நனைந்த கம்பளி. அந்த வாசனை ஏறியதும் சின்னவனுக்குச் சளி பிடிக்குமோ என்ற கவலைகூடக் கொஞ்சம் மறந்தது. அதே வாசனை நிறைந்த, ஒரு தேயிலைத் தோட்டத்து வேதக் கோயிலில்தான் என் பட்டத்தைக் கோட்டைவிடப் பார்த்தேன்.

அப்போது இறையியல் கல்லூரியில் மேற்படிப்பு. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண், அதிலும் கைக்குழந்தைக்காரி. கிரேக்க வினைச்சொற்களை முணுமுணுத்தபடி மூத்தவளைத் தொட்டிலாட்டுவேன். முதலில் தூங்குவது பெரும்பாலும் நான்தான்.

கடைசியாக ஒரு சோதனைப் பிரசங்கம், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில். தவறினால் இன்னொரு வருடம். அது என்னால் ஆகாது என்று எனக்குத் தெரியும். மாமியார் அதை எனக்கு முன்பே சொல்லிவிட்டார்.

பேராசிரியர் பின்வரிசை வாங்கில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். நான் எடுத்துக்கொண்டது திராட்சைத் தோட்ட உவமை. விடியலில் வந்தவனுக்கும் பொழுது சாய வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த எஜமானின் கதை. உரையாசிரியர்கள் சொன்னதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். யாரிடம் பேசப்போகிறேன் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

நாலாம் பக்கத்தில், கொழுந்து பறிக்கிற செல்லம்மா மடிப்பிள்ளையோடு எழுந்து நின்றாள். படித்த பெண் என்றால் அவர்களுக்கு டீச்சரம்மாதான்.

"டீச்சரம்மா, ஒரு சந்தேகங்க. பொழுது சாய வந்தவளுக்கும் அந்தத் தொரை முழுப்பேரு போட்டாரா?"

தோட்டத்தில் பேர் போடுவது என்றால் அன்றைய வேலையைப் பதிவது. பிந்தினாலோ கொழுந்து குறைந்தாலோ அரைப்பேர், பாதிக் கூலி. ஆமாம், முழுப்பேர்தான் என்றேன்.

கோயில் சந்தையாகிவிட்டது. விடியவே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுகிறவர்கள் அது அநியாயம் என்றார்கள். அப்படிப் போட்டால் ஒருத்தியும் நேரத்துக்கு மலைக்கு வரமாட்டாள் என்றார் கங்காணி. நீங்க மட்டும் வருவீங்களாக்கும் என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. ஒரே சிரிப்பு. என் இடுப்பிலிருந்த மகள் வீரிட்டாள், கையிலிருந்த தாள்கள் சிதறின. செல்லம்மா அவளையும் வாங்கி இன்னொரு தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"புள்ளைக்குப் பால் குடுக்கப் போயி பிந்திட்டேன், அரைப்பேரு போட்டாங்க. அரைப்பேருன்னா புள்ளைக்கு அரைவயிறா பசிக்கும்? அந்தத் தொரைக்கு அது வெளங்கியிருக்கு."

மிச்சப் பக்கங்களை வாசிக்காமலே மடித்து வைத்தேன். ஜெபித்து முடித்துவிட்டேன்.

பஸ்ஸில் அத்தனை வளைவிலும் பேராசிரியர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தார். மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். பதுளையில் இறங்கும்போது சொன்னார்: "மிச்சப் பக்கங்களக் கிழிச்சுப் போட்டுருங்க. தேறிட்டீங்க."

மகிழ்ச்சியில் குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். நான் நியாயமாகத்தான் தேறினேனா என்று இன்றும் சில நாள் யோசிப்பதுண்டு.

பிறகு செல்லம்மாவும், அன்று சிரித்தவர்களில் பாதிப்பேரும், இரண்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தப்படி குடும்பம் குடும்பமாக ரயிலேறி, கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். கோயில் இருக்கிறது. மாதம் ஒருமுறை போய்ப் பேசுகிறேன். புதிதாக வந்தவர்கள் மரியாதையாகக் கேட்கிறார்கள். நடுவில் எழுந்து யாரும் சந்தேகம் கேட்பதில்லை.