மேடம் பாக்கம்

முட்டாளைத் தேடித் தாம்பரம் முழுக்க அலைய வேண்டாம். சேலையூரில் நானே இருக்கிறேன். ஒரு கிளினிக்கில் நோயாளிகளைக் கூப்பிட மென்பொருள் எழுதினேன். ஒரே பெயரில் நாலு பேர் வருவதால், ஊரையும் சேர்த்துக் கூப்பிடுவது அங்கே வழக்கம். கணினியின் தயார்க் குரலோ மாடம்பாக்கத்தை ‘மேடம் பாக்கம்’ என்றது. அதனால், பல வருடமாகக் கூப்பிட்டுவந்த வரவேற்பு அக்காவைப் பேசச் சொல்லி, அவர் குரலையே நகலெடுத்தேன். சிரித்துக்கொண்டே பேசிக்கொடுத்தார்.

அந்த நகல் குரலைக் கேட்ட டாக்டர், “அப்போ கூப்பிட இனிமே ஆள் வேண்டாம் போல” என்றார்.

இது எனக்குத் தோன்றவே இல்லை. அக்காவிடம் போய், பெரிய தியாகி மாதிரி கேட்டேன்: “உங்க குரலை எடுத்துட்டு மெஷின் குரலையே வெச்சிடட்டுமாக்கா?”

“எத வெச்சாலும் எனக்கு வேல இல்லல்ல.”