பானட்டில் போட்ட ஓட்டை

என் காரைக் கெடுத்தது மீன்பிடித் துறைமுகத்து மெக்கானிக்தான். வேறு யாரும் இல்லை.

விசைப்படகு இன்ஜின் பார்க்கிறவர். குட்டையான ஆள், நகக்கண் எல்லாம் கிரீஸ். எந்த இன்ஜினைத் தொட்டாலும் முதலில் அதன் மேல் சிலுவை போடுவார். என்னுடைய கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் காரில் இன்ஜின் செத்துப்போய் வருஷக்கணக்காகிறது. கல்யாணத்தன்று அதில்தான் மாதா கோயிலுக்குப் போவேன் என்று மகள் அடம்பிடித்தாள். பழைய வேனின் டீசல் இன்ஜின் ஒன்றை வாங்கிவந்து, வீட்டு வாசலிலேயே மாட்டித் தரச் சொன்னேன்.

கடைக்குப் போய்த் திரும்பினால், இன்ஜின் தடித்த பலகைகள் மேல் உயரமாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் மூட முடியாமல்போன பானட்டை நடுவில் வெட்டி ஓட்டையும் போட்டுவிட்டார்.

“என்ன அண்ணாச்சி இது?”

“படகுல அடியில தண்ணி கெடக்கும்லா தம்பி. இன்ஜினைத் தூக்கித்தான் வைக்கணும்.”

“காருக்குள்ள ஏதுவே தண்ணி?”

“நம்ம ஊர்ல மழை பேஞ்சா ரோடு எங்கன, கடல் எங்கனன்னு ஒமக்குத் தெரியுதா?”



சாவியைத் திருப்பியதும் இன்ஜின் சட்டென்று பிடித்து, நடுக்கமில்லாமல் ஓடியது. அந்த ஓட்டத்தை இன்றுவரை குறை சொல்ல முடியவில்லை. ஆனால் ஓட்டை வழியாக ஆயில் தெறித்து சீட்டில் விழுகிறது. வெள்ளைச் சேலையோடு மகளை அதில் எப்படி உட்காரவைப்பேன்?

கல்யாணத்துக்கு நீரும் வருவீர், அண்ணாச்சி. கோயில் வாசலில் என் மகள் வாடகைக் காரிலிருந்து இறங்கும்போது, அத்தனை பேர் முன்னாலும் நீரே சொல்லும்: வெட்டுவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை ஏன் கேட்கவில்லை?